மலேசியா, பினாங்கு மாநிலம், பட்டர்வொர்த் பக்கம் அரசாங்க கிளினிக், சுகர் ஃபாலோ-அப்: 5க்கு 4 ஸ்டார்

எங்கம்மாவுக்கு சுகர், பிரஷர் ரெண்டுமே இருக்கு, ஃபாலோ-அப் எல்லாம் இங்கதான். கூட்டம், உட்கார இடமில்ல, அதனால மோசம்னு சொல்றவங்க நிறைய பேர், நான் அப்படிப் பாக்கல. கூட்டத்த வச்சு ஒரு கிளினிக்க எடை போட முடியாதுங்க, டாக்டரோட நேரம் எதுல செலவாகுதுன்னு பாக்கணும். அதுல இவங்க உண்மையிலேயே நல்லா செய்றாங்க. ரத்தம் முன்னாடியே ஒரு நாள் எடுத்துடுறாங்க, அப்பாயின்மென்ட் அன்னைக்கு ரிசல்ட் ரெடியா இருக்கு, பிரஷர் எடையெல்லாம் மிஸ்ஸி (நர்ஸ்) பாத்து எழுதித்தான் உள்ள அனுப்புறாங்க, அதனால டாக்டர் உட்கார்ந்த உடனே மூணு மாச சுகர் ஏன் ஏறியிருக்கு, ராத்திரி என்ன சாப்டுறீங்கன்னு நேரா விஷயத்துக்கு வந்துடுறாரு. மருந்து மாசா மாசம்தான் குடுப்பாங்க, ஆனா அதுக்காக மறுபடி டாக்டர பாக்க வேண்டியதில்ல, சீட்ட ஃபார்மசி கவுண்டர்ல காட்டினா போதும். இவ்வளவும் ஒரே ஒரு வெள்ளி (ரிங்கிட்) காசுக்கு.

குறைன்னா, கண்ண படம் எடுக்க ஒரு நாள், கால் செக் பண்ண இன்னொரு நாள். முட்டி வலியோட இருக்கிற அம்மாவ கூட்டிட்டு வர ஒவ்வொரு தடவையும் வீட்ல யாராச்சும் லீவு போடணும்.

இது எனக்கு ஏன் பெருசா படுதுன்னா, ஒரு மாநிலம் அதோட டாக்டர், நர்ஸ், கட்டில், பணத்தையெல்லாம் எவ்வளவு திறமையா பயன்படுத்துதுன்னு அளக்கப் பயன்படுத்துற டிஇஏன்னு (Data Envelopment Analysis) ஒரு கணக்கு முறை இருக்கு, 1978ல சார்ன்ஸ், கூப்பர், ரோட்ஸ்னு மூணு பேர் கொண்டு வந்தது. போட்ட வளத்தையும் கிடைச்ச பலனையும் வச்சு ஒண்ணோட ஒண்ண ஒப்பிட்டு, இருக்கிறதுலயே நல்லா செய்ற இடத்துக்கு 1 மார்க், மத்ததுக்கு அதுக்குக் கீழ. ஆனா பலன்னு பெரும்பாலும் எண்ணுறது எத்தனை பேர் வந்தாங்க, எத்தனை பேர் டிஸ்சார்ஜ் ஆனாங்கங்கிறதத்தான். அப்போ ஒரே பேஷன்ட்ட மூணு நாள் வர வச்சா மூணு விசிட், எல்லாத்தையும் ஒரே நாள்ல முடிச்சு அனுப்பினா ஒண்ணுதான், அலைய விட்ட கிளினிக்குக்குத்தான் மார்க் கூட வரும்!

கட்டில் கணக்கும் அப்படித்தான். பினாங்குல பிரைவேட் ஆஸ்பத்திரி நிறைய, இந்தோனேசியாவோட மேடான்ல இருந்தெல்லாம் வைத்தியத்துக்கு வர்றாங்க, அந்தக் கட்டிலையும் சேத்து நம்ம ஜனத்தொகையால வகுத்தா பேப்பர்ல அழகாத்தான் தெரியும், ஆனா கம்மி சம்பளக்காரங்களுக்கு அந்தக் கட்டில் எட்டாது.

2023 தேசிய சுகாதார ஆய்வுல மலேசியாவுல பெரியவங்கள்ல 15.6 விழுக்காட்டுப் பேருக்கு சுகர்னு வந்துச்சு. 2025 பட்ஜெட்ல சுகாதார அமைச்சுக்கு ஒதுக்கினது 45.3 பில்லியன் வெள்ளி. இவ்வளவு காசுக்கு எத்தனை பேரோட சுகர் கட்டுக்குள்ள வந்துச்சு, எத்தனை பேரோட காலும் கண்ணும் தப்பிச்சுதுன்னு எண்ணுங்க, விசிட்ட எண்ணாதீங்க.

புதுசா போறவங்க, ஐசியும் (அடையாள அட்டை) பழைய மருந்துச் சீட்டும் மறக்காம கொண்டு போங்க. தபால் காசு நாம கட்டினா மருந்த போஸ்ட்ல அனுப்புற சேவை அரசாங்கத்துல இருக்கு, உங்க கிளினிக்ல செய்றாங்களான்னு ஃபார்மசில கேளுங்க. இங்க கண்ணு, கால் ரெண்டையும் ரத்தம் எடுக்கிற நாளோடவே சேத்துட்டா அந்த அஞ்சாவது ஸ்டாரையும் போட்டுடுவேன்.