மிச்சத் துணியில் செய்த சுங்குடித் தோடு

மதுரையில் எங்கள் தெருவில் தையல் கடை வைத்திருக்கும் அக்கா, மிஞ்சிய சுங்குடித் துண்டுகளில் தோடும் மாலையும் செய்து விற்கிறார். ஒரு செட் 150 ரூபாய். நான்கு மாதம் போட்டுப் பார்த்த பிறகுதான் எழுதுகிறேன்.

தோட்டின் உள்ளே இருப்பது பழைய கல்யாணப் பத்திரிகை அட்டை. வட்டமாக வெட்டி இரண்டை ஒட்டி, மேலே துணியை இழுத்துப் போர்த்தி, பின்பக்கம் சுருக்கித் தைத்திருக்கிறார். அரக்குச் சிவப்பில் ஒற்றை வெள்ளைப் புள்ளி, சரியாக நடுவில். அது அச்சுப் புள்ளி இல்லை, நூலால் முடிச்சுப் போட்டுச் சாயத்தில் முக்கியது. உற்றுப் பார்த்தால் முடிச்சு இருந்த இடம் லேசாகக் கூம்பி நிற்பது தெரியும். இப்போது சுங்குடி என்று அச்சுப் புள்ளிச் சேலைகளே நிறைய விற்கிறார்கள். அதனால் கைமுடிச்சுத் துணி துண்டாகக் கிடைத்தாலும் எனக்குப் பொக்கிஷம்தான்.

காதில் கனமே தெரியவில்லை. கொக்கிதான் குறை. முதலில் போட்டுத் தந்தது மலிவான உலோகம், இரண்டாம் நாளே காது அரித்துப் புண்ணாகிவிட்டது. சொன்னதும் ஸ்டீல் கொக்கி மாற்றிக் கொடுத்தார், காசு வாங்கவில்லை.

மழையில் போடாதீர்கள், அட்டை ஊறிவிடும். மாலையின் சாயம் வியர்வையில் ஒருமுறை என் வெள்ளை ரவிக்கையில் ஏறியது. வெளிர் நிறத்துக்கு வேண்டாம்.

அப்புறம், வீட்டில் பழைய சுங்குடிச் சேலை இருந்தால் கொண்டுபோங்கள். அம்மாவின் கிழிந்த முந்தானையைக் கொடுத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை ஒரு ஜோடி தயாராகிவிடும்.