ஸ்டார் வார்ஸ் அன்லிமிடெட்: எந்தக் களத்தைக் கைவிடுவது?

2024 மார்ச்சில் வெளிவந்த இந்த அட்டை விளையாட்டை முதல் தொகுப்பிலிருந்தே ஆடி வருகிறேன். பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் ஷிப்ட் முடிந்ததும் மாமாக் கடையில் (இந்திய முஸ்லிம் உணவகம்) கூடும் நாலைந்து பேர்தான் என் எதிராளிகள். அவர்களில் ஸ்டார் வார்ஸ் படம் ஒன்றுகூடப் பார்க்காதவர்களும் உண்டு. ஆட்டத்துக்கு அது ஒரு குறையே இல்லை.

மேசையில் தரை, விண்வெளி என்று இரண்டு களங்கள். தரையில் இறங்கியவர் விண்ணில் நிற்கும் கப்பலைத் தாக்க முடியாது. கப்பலாலும் அவரைத் தொட முடியாது. ஆனால் எந்தக் களத்திலிருந்தும் எதிராளியின் தளத்தை அடிக்கலாம். பெரும்பாலான தளங்கள் 30 புள்ளி சேதத்தில் வீழ்ந்துவிடும். எதிராளியின் தளத்தை வீழ்த்துபவரே வென்றவர். ஒரு தலைவர், ஒரு தளம், குறைந்தது 50 அட்டைகள் கொண்ட கட்டு. அதில் ஒரே அட்டை மூன்றுக்கு மேல் இருக்கக்கூடாது.

தொடக்கத்தில் கைக்கு வரும் ஆறு அட்டைகளில் இரண்டைக் கவிழ்த்து வளமாக்குகிறோம், அதாவது மற்ற அட்டைகளை இறக்கக் கொடுக்கும் விலையாக. அதன்பின் ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் இரண்டு அட்டைகள் எடுத்து, விரும்பினால் இன்னொன்றைக் கவிழ்க்கலாம். எந்த அட்டையும் வளமாகும் என்பதால், "எனக்கு வளமே வரவில்லை" என்ற பழைய சாக்கு இங்கே செல்லாது. புதியவர்களுக்கு விலையுயர்ந்த அட்டையைப் புதைக்க மனம் வராது. கையில் 8 வளம் கேட்கும் அட்டைகள் மூன்றை வைத்துக்கொண்டு முதல் சுற்றுகளில் விழிப்பார்கள்.

ஆளுக்கு ஒரு செயல் என்று மாறி மாறி ஆடுவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. நான் ஓர் அட்டை இறக்குகிறேன், அவர் ஒரு தாக்குதல் செய்கிறார், மறுபடி என் முறை. கைத்தொலைபேசியை எடுக்க யாருக்கும் நேரம் இருக்காது.

ஆட்டத்தின் சூட்சுமம் முன்னுரிமை வில்லையில் இருக்கிறது. என் முறை வரும்போது, அந்தச் சுற்றில் அதுவரை யாரும் எடுக்கவில்லை என்றால், அதை நான் எடுக்கலாம். அடுத்த சுற்றில் முதல் செயல் எனக்கு. ஆனால் எடுத்த கணத்திலிருந்து அந்தச் சுற்று முடியும்வரை நான் வேறு எதுவும் செய்ய முடியாது. எதிராளி தன் இஷ்டம்போல் அடித்துக்கொண்டே போவார். முதல் தொகுப்பின் தலைவர்களில் லூக் 6 வளங்களில் களமிறங்குவார், வேடர் 7 வளங்களில். சுற்றுக்கு ஒன்று என்று வளம் சேர்த்தால் லூக் ஐந்தாம் சுற்றிலும் வேடர் ஆறாம் சுற்றிலும் வரலாம். அதற்கு முந்தைய சுற்றில் வில்லையை எப்போது எடுப்பது என்பதில்தான் எங்கள் மேசையில் பெருமூச்சுகள் அதிகம்.

களங்களின் விஷயத்தில் என் கருத்து கறாரானது: இரண்டையும் காக்க நினைப்பவர் தோற்பார். இங்கே ஒன்று, அங்கே ஒன்று என்று இறக்குவது ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால். 2 வலிமையுள்ள சிறு கப்பலைக் கண்டுகொள்ளாமல் விட்டால் ஆறு சுற்றில் 12 புள்ளிதான் போகும். அதற்குள் தரையில் 30 அடிக்க முடியுமானால், போகட்டும் என்று விடுங்கள். எங்களில் இளையவர் இதை முதல் வாரத்திலேயே பிடித்துக்கொண்டார். "அண்ணே, மேலே நீங்களே ஆளுங்கள்" என்று சிரித்துக்கொண்டே தரையில் முடித்துவிடுவார். அவரை நிறுத்தக் காவலர் தன்மையுள்ள அட்டை வேண்டும்: தளத்தை விட்டு முதலில் அதையே தாக்கியாக வேண்டும். ஆனால் அது தான் நிற்கும் களத்தை மட்டுமே காக்கும்.

குறைகளும் உண்டு. சேதம் சுற்றுக்குச் சுற்று தங்கிவிடுவதால் மேசை முழுக்க அதைக் குறிக்கும் பகடைகள் நிறைந்துவிடுகின்றன. தே தாரிக் கோப்பை வைக்க இடமில்லை. மினுங்கும் அட்டைகள் பினாங்கின் ஈரக்காற்றில் வில்லாக வளைகின்றன. உறை போட்டு, பெட்டியில் சிலிக்கா பொட்டலம் இட்டு வைக்கிறேன்.

லூக், வேடர் கட்டுகள் இரண்டும் சேர்ந்த தொடக்கப் பெட்டி ஒன்றே பல மாதம் தாங்கும். பிறகு வேண்டிய அட்டையைத் தனியாக வாங்குவதே மலிவு. உள்ளே என்ன இருக்கும் என்று தெரியாத, 16 அட்டைகள் கொண்ட பூஸ்டர் பொட்டலங்களை நாங்கள் டிராஃப்ட் ஆட மட்டுமே பிரிக்கிறோம், அதாவது பிரித்த அட்டைகளில் ஒவ்வொன்றாக எடுத்து மீதியைக் கைமாற்றி, எடுத்தவற்றிலேயே கட்டு அமைத்து ஆடுவது: ஆளுக்கு மூன்று பொட்டலம், கட்டு குறைந்தது 30 அட்டைகள். ஆடி முடித்தபின் அரிய அட்டை எடுத்தவருக்கா, வென்றவருக்கா என்ற வழக்கு மட்டும் இன்னும் தீரவில்லை.