வெட்சூட்: மாட்டிப் பார்க்கும்போது கவனிக்க வேண்டியது முதுகை

தண்ணீரில் குளிர் தெரியாமல் இருக்க உடம்போடு ஒட்டி அணியும் ரப்பர் உடையான வெட்சூட்டை வாங்கும்போது பலரும் முதலில் கேட்பது எத்தனை மில்லிமீட்டர் என்பதைத்தான். நீண்ட நாள் பயன்பாட்டில் தடிமனைவிட அளவுதான் பெரிய விஷயம். தொளதொளவென்ற 5 மி.மீ. சூட்டைவிட உடம்போடு ஒட்டிய 3 மி.மீ. சூட்டில் குளிர் குறைவாகவே தெரியும். குளிரைத் தடுப்பவை சூட் செய்யப்படும் நியோப்ரீன் என்ற செயற்கை ரப்பருக்குள் இருக்கும் வாயுக் குமிழ்கள். ஆனால் சூட்டுக்கும் தோலுக்கும் நடுவே இடைவெளி இருந்தால், கையை வீசும்போதெல்லாம் புதுத் தண்ணீர் உள்ளே ஏறி இறங்கும். அப்புறம் குமிழ்கள் இருந்தும் புண்ணியமில்லை.

இந்த இடைவெளி அதிகம் விழுவது இடுப்புக்கு மேலே முதுகு வளைகிற இடத்தில். ஜிப்பைப் போட்டு நிமிர்ந்து நின்று, அங்கே பிடித்து இழுக்கச் சொல்லுங்கள். கை நிறைய மடிப்பு வந்தால் அந்த அளவு வேண்டாம். அடுத்து அக்குளும் தொடையிடுக்கும். கையைத் தலைக்கு மேல் தூக்கும்போது தோள் பிடித்தால் உடனே பெரிய அளவுக்குத் தாவாதீர்கள். பெரும்பாலும் காலைச் சரியாக ஏற்றாததுதான் காரணம். கணுக்கால், முழங்கால், தொடை என்று கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, தொடையிடுக்கு உடம்போடு ஒட்டிய பிறகே கையை நுழைக்க வேண்டும். அப்படியும் பிடித்தால் சூட்டின் உடல் நீளம் போதவில்லை. பல நிறுவனங்கள் அதே மார்பளவில் நெட்டையானவர்களுக்குத் தனி அளவு தருகின்றன. குந்தி உட்கார்ந்து, ஆழமாக மூச்சிழுத்தும் பாருங்கள். மூச்சு முட்டினால் அந்த அளவு உங்களுக்குச் சிறியது.

உலர்ந்திருக்கும்போது சற்று இறுக்கமாகத் தெரிவது நல்லதே. நனைந்ததும் இளகும், பழகப் பழக இன்னும் கொஞ்சம் கொடுக்கும். கடையிலேயே பைஜாமா மாதிரி சுகமாக இருக்கும் சூட்டை வாங்கினால், நாள்பட நாள்பட கழுத்து வழியாகத் தண்ணீர் இறங்கும்.

தையலையும் பாருங்கள். ஃபிளாட்லாக் தையலில் ஊசித் துளை மறுபக்கம் வரை போவதால் தண்ணீர் கசியும். வெதுவெதுப்பான கடலுக்கு அது போதும். குளிர்நீருக்கு, ஒட்டிவிட்டுப் பாதி ஆழம் மட்டும் தைத்தது வேண்டும்.

இறுக்கமான சூட்டை நகத்தால் இழுத்தால் பிறை வடிவில் கிழியும். விரல் நுனிச் சதையால் பிடித்து ஏற்றுங்கள். பாதத்தில் பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டால் கால் வழுக்கிக்கொண்டு இறங்கும். கிழிந்துவிட்டால் காயவைத்து, நியோப்ரீன் பசையை இரு பக்கமும் மெல்லிசாகத் தடவி, தொட்டால் ஒட்டாத பதம் வந்ததும் அழுத்துங்கள். ஈரத்தோடு ஒட்டினால் மறுநாளே பிரியும்.