உரையா, களப்பயணமா? தொழில் மரபை அறிய இரு வழிகள்

பழைய ஆலைகள், எந்திரங்கள், பாலங்கள் போன்ற தொழில் மரபைப் போற்றும் குழுக்கள் பெரும்பாலும் மாலை நேர உரைகளையும் ஒரு நாள் களப்பயணங்களையும் நடத்துகின்றன. கண்ணுக்குப் புலப்படாததை விளக்குவதற்கு உரையே ஏற்றது. 1712இல் ஆங்கிலேயரான தாமஸ் நியூகோமன் அமைத்த நீராவி எந்திரத்தில், உருளைக்குள்ளேயே குளிர்நீரைப் பீய்ச்சி நீராவியைக் குளிர்வித்ததால், ஒவ்வொரு முறையும் உருளையை மீண்டும் சூடேற்ற வேண்டியிருந்தது. ஜேம்ஸ் வாட் 1769இல் காப்புரிமை பெற்ற, உருளைக்கு வெளியே நீராவியைக் குளிர்விக்கும் தனிக் குளிர்கலன் இந்த எரிபொருள் விரயத்தைப் பெரிதும் குறைத்தது. ஒரு குறுக்குவெட்டுப் படம் சில நிமிடங்களில் புரிய வைக்கும் இதை, அசைவற்று நிற்கும் எந்திரத்தின் முன் நின்று ஊகிப்பது கடினம். இடிக்கப்பட்டுவிட்ட ஆலைகளுக்கோ உரையைத் தவிர வேறு வழியே இல்லை.

ஆயினும் அளவையும் அமைவிடத்தையும் எந்தப் படமும் உணர்த்துவதில்லை. இங்கிலாந்தின் செவர்ன் ஆற்றின்மீது 1779இல் எழுப்பப்பட்ட இரும்புப் பாலத்தின் அடியில் நின்று அண்ணாந்து பார்ப்பவர், வார்ப்பிரும்புத் துண்டுகள் மரவேலைப் பொருத்துகளைப் போலவே இணைக்கப்பட்டிருப்பதைக் கண்டு, புதிய உலோகத்தைப் பழைய தச்சுத்திறனோடு அணுகிய அந்தத் தலைமுறையின் துணிவை நேரில் உணர்கிறார். நிலக்கரியும் இரும்புத் தாதுவும் சுண்ணாம்புக் கல்லும் அருகருகே கிடைத்த அந்தப் பள்ளத்தாக்கில் தொழில் வேரூன்றியதன் காரணம், அங்கு நடக்கும்போதே விளங்கிவிடுகிறது.

பயணத்திற்குச் செலவு அதிகம். செங்குத்தான படிகள் முதியவர்களைத் தடுக்கின்றன. பழைய ஆலைகளில் ஒருகாலத்தில் உழைத்தவர்களே இன்று முதியவர்கள் என்பதால், இதை நான் சிறிய குறையாகக் கருதவில்லை. ஒன்றை மட்டுமே தேர்ந்தெடுக்க இயலுமெனில் பயணத்தையே தேர்வேன். இரண்டும் இயலுமெனில் உரை முதலில் அமைய வேண்டும்.