டயர்த் தொட்டியா, வெளியே லோடிங்கா? ஹொசகோட்டைப் பக்கத்து லேயர் பண்ணைக்கு எது காவல்

பெங்களூரைச் சுற்றி ஹொசகோட்டை, ஆனேக்கல், தொட்டபள்ளாபுரம் பக்கம் லேயர் பண்ணை, அதாவது முட்டைக்கோழிப் பண்ணை போடும் நம்ம ஆட்கள், வண்டியோடு நோய் உள்ளே வராமலிருக்க முதலில் கேட்பது இதுதான்: “அண்ணே, கேட்டுல டயர்த் தொட்டி கட்டலாமா, ஸ்பிரே வளைவு வைக்கலாமா?” ரெண்டும் வேண்டாம், வண்டியை உள்ளேயே விடாதீங்க என்பது என் கட்சி.

கிருமி மருந்து கலந்த தொட்டியில் டயர் ரெண்டு நொடி நனையும். பட்டன் இடுக்கில் அப்பிய மண் அப்படியே இருக்கும், மழை பெய்தால் மருந்து நீர்த்துப்போகும். ஸ்பிரே வளைவு வண்டியின் மேல்பக்கத்தைக் கழுவும். கேபினுக்குள் கிடக்கும் டிரைவர் செருப்பைத் தொடாது. முட்டை ரூமை மதில் ஓரமாகக் கட்டி, வெளிப்பக்கம் ஒரு ஜன்னல் வைத்தால் லோடு அப்படியே கைமாறும். கூடுதலாக ஒரு ஆள் கூலி ஆகும், உண்மைதான். இடம் இல்லாதவர்கள் தொட்டியே கட்டட்டும், மேலே கூரை போட்டு.

அடுத்தது காலடித் தொட்டி: ஷெட் வாசலில் கால் நனைக்க, பாதியாக அறுத்த நீல டிரம்மில் ப்ளீச்சிங் பவுடர் தண்ணி. காலையில் பளிச்சென்று இருக்கும். மதியத்துக்குள் எச்சமும் தவிடும் கலந்து சாம்பார் ஆகிவிடும். அழுக்கு சேர்ந்தால் குளோரின் செத்துப்போகும், வெயிலும் அதைத் தின்னும். முட்டை பொறுக்கும் பையன்களோ அதைத் தாண்டிக் குதிப்பார்கள். இதற்குப் பதில் வாசலின் குறுக்கே முழங்கால் உயரத் திண்டு: இந்தப் பக்கம் வெளிச்செருப்பு, அந்தப் பக்கம் ஷெட் கம்பூட். ஷெட்டுக்கு ஒரு நிறம் வாங்கினால், மஞ்சள் ஷெட்டில் சிவப்பு பூட் நடமாடுவது தூரத்திலேயே தெரியும். என் ஓட்டு திண்டுக்கே. காலடித் தொட்டிதான் வேண்டுமென்றால் பிரஷ் போட்டுத் தேய்த்த பிறகு மிதிக்க வேண்டும். குளூட்டரால்டிஹைடு கலந்த மருந்து அழுக்கில் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும்.

முட்டை அடுக்கும் அட்டை விஷயத்தில் சண்டை பெரிது. கூழ் அட்டையைக் கழுவ முடியாது, பிளாஸ்டிக்கைக் கழுவலாம். ஆனால் கழுவாத பிளாஸ்டிக் ட்ரே பழைய அட்டையை விட ஒன்றும் மேல் இல்லை. கடையிலிருந்து திரும்பி வரும் அட்டை எந்தக் கறிக்கோழிக் கூண்டு ஓரம் கிடந்தது, யாருக்குத் தெரியும்? பறவைக் காய்ச்சல் தரும் எச்5என்1 வைரஸ் எச்சத்தில் 37 டிகிரியில் 6 நாள் இருக்கும், 4 டிகிரியில் 35 நாள் வரை கிடக்கும். பெங்களூரு மார்கழிக் குளிர் யாருக்குச் சாதகம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். அதனால் புது அட்டை, ஒரே ஒரு தடவை. கழுவி ஊறவைத்து வெயிலில் காயவைக்க ஆளும் இடமும் இருந்தால் மட்டும் பிளாஸ்டிக்.

“தடுப்பூசி போட்டாச்சே, இதெல்லாம் எதுக்கு?” என்பவர்களுக்கு: ஊசி வெள்ளைக்கழிச்சல் நோயிலிருந்து கோழியைக் காப்பாற்றும், வைரஸை வாசலில் நிறுத்தாது. பறவைக் காய்ச்சல் வந்தால் 1 கிலோமீட்டர் சுற்றில் கோழிகளை அழிப்பார்கள். 2012 அக்டோபரில் ஹெசரகட்டாவிலுள்ள மத்திய அரசின் கோழிப் பண்ணையிலேயே எச்5என்1 வந்தது.

எல்லாவற்றையும் விட எனக்குப் பயம், முதிர்ந்த கோழி வாங்க வரும் வியாபாரியின் கூண்டு வண்டிதான். ஒரே நாளில் நாலு பண்ணை ஏறி இறங்கி, எச்சம் வழிய வந்து நிற்கும். முழு ஷெட்டையும் ஒரே மூச்சில் காலி செய்தால் பாதித் தலைவலி தீரும். பல வயதுக் கோழி வைத்திருப்பவர்களுக்கு அது நடக்காது. அவர்கள் நம்ம ஆட்களை வைத்துப் பிடித்து, நம்ம கூண்டில் மதில் வரை கொண்டுபோய்க் கொடுக்கலாம். கிலோவுக்குக் கொஞ்சம் குறைத்துக் கேட்பார், கொடுத்துவிடுங்கள்.