மூன்றாவது முறையாகத் தரைப்பலகை மாற்றிய பிறகு

போன சனிக்கிழமை என் எம்.ஜி.ஏவின், அதாவது இலங்கை மலைநாட்டில் நான் வைத்திருக்கும் பழைய ஆங்கிலேய ஸ்போர்ட்ஸ் காரின், தரைப்பலகையைக் கழற்றினேன். கழற்றினேன் என்பது பெருமைக்குச் சொல்வது. திருகாணியில் கை வைப்பதற்கு முன்பே சாரதி பக்கத்துப் பலகை, தேநீரில் முக்கிய விசுக்கோத்து மாதிரி பிய்ந்து வந்துவிட்டது. இது மூன்றாவது பலகை. அன்று இரவே பண்டாரவளையிலிருந்து தெரிந்த தம்பி ஒருவன் அழைத்து, "அண்ணே, தியத்தலாவைப் பக்கம் ஒரு எம்.ஜி.ஏ விலைக்கு வருது, எடுக்கலாமா?" என்று கேட்டான். கேட்ட நேரம் சரியில்லை. "வேண்டாம், அந்தக் காசில் நாலு பசுமாடு வாங்கு" என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். அப்புறம் யோசித்தால், அவன் கேட்டதற்கு அது பதிலே இல்லை. இருபத்தெட்டு வருஷமாக இந்த வண்டி என் பொறுப்பில் இருக்கிறது. கொஞ்சம் ஒழுங்காகச் சொல்ல வேண்டும்.

எம்.ஜி.ஏ பற்றி ஓரளவு தெரிந்தவர்கள்தான் இதைப் படிப்பீர்கள். 1955 முதல் 1962 வரை இங்கிலாந்தில் ஆபிங்டனில் ஒரு லட்சத்துக்குக் கொஞ்சம் மேல் செய்தார்கள், பெரும்பகுதி ஏற்றுமதிக்கு. என்னுடையது 1958, 1489 சிசி, நாலு சக்கரத்துக்கும் டிரம் பிரேக், ஸ்ரீ எழுத்துப் போட்ட பழைய நம்பர். தேயிலைத் தோட்டத்துப் பெரிய துரையின், அதாவது மனேஜரின் வண்டி. 1975இல் கம்பனித் தோட்டங்களை அரசாங்கம் எடுத்தபோது அவர் ஊருக்குப் புறப்பட்டார். கியர்பாக்ஸ் உடைந்து ஒன்றரை வருஷமாகப் பங்களாவுக்குப் பின்னால் கிடந்த வண்டி என்பதால் விலை என்று பெரிதாக எதுவும் இல்லை. இஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், டிரையர் பார்த்த என் அப்பா, சீட்டுக் கட்டி எடுத்த காசைக் கொடுத்து வாங்கிவிட்டார். எங்கள் லயத்தில், தொழிலாளர் வீட்டு வரிசையில், அன்றைக்கு ஒரு சைக்கிள்கூடக் கிடையாது. வண்டியை எட்டுப் பேர் தள்ளிக்கொண்டு வந்தார்களாம். அம்மா ஒரு வாரம் பேசவில்லை.

ஓட்டுவதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை, ஏனென்றால் குறை இல்லை. ரம்பொடை வளைவுகளில் இரண்டாவது கியரில் ஏறும்போது எதிர்மலையில் பட்டுத் திரும்பி வரும் சத்தத்துக்காக மட்டுமே இத்தனை பாடும் படலாம். முதல் கியருக்கு சிங்க்ரோ இல்லை, ஓடும்போது பல்லோடு பல் தானாகப் பொருந்தாது. பெரிய கொண்டை ஊசி வளைவில் பஸ் வந்து மறித்து ஏறக்குறைய நின்றுவிட்டால், கிளட்சை இரண்டு தரம் மிதித்து நடுவில் அக்சிலேட்டரைத் தட்டித்தான் முதலாவதைப் போட வேண்டும். பழகினால் கை தானாகச் செய்யும். பழகாவிட்டால் ஊரே திரும்பிப் பார்க்கும். மற்றது கார்ப்ரேட்டர். கொழும்பில் வைத்த டியூனிங்கோடு 1868 மீற்றர் உயரத்து நுவரெலியாவுக்கு வந்தால் காற்று மெலிந்து பெற்றோல் கூடிப்போகும், பிளக் கறுத்துவிடும். ஜெட்டுக்குக் கீழே இருக்கும் ஆறுபட்டை நட்டை ஒரு பட்டை, மிஞ்சினால் இரண்டு பட்டை மேலே திருப்பினால் சரி. ஒரு ஸ்பேனர், ஐந்து நிமிஷம். இன்றைய வண்டியில் இந்தச் சுகம் கிடைக்காது.

பிரச்சினை எல்லாம் வண்டி நிற்கும்போதுதான்.

நாங்கள் இருப்பது கொட்டகலை. மே மாதம் மழை பிடித்தால் செப்டெம்பர் வரை விடாது. மழை இல்லாத நாளில் பனிமூட்டம். அலுமாரிக்குள் மடித்து வைத்த கோட்டு பச்சை பூக்கும் ஊர். இந்த வண்டிக்கோ பக்கத்துக் கண்ணாடி கிடையாது, சொருகி எடுக்கும் திரைதான். கூரை கன்வஸ். கதவுக்கு வெளியே பிடிகூட இல்லை. உள்ளே கைவிட்டுக் கயிற்றை இழுத்துத் திறக்க வேண்டும். அதனால் பூட்டும் இல்லை. (லயத்துப் பிள்ளைகள் எத்தனை தலைமுறை அதற்குள் உட்கார்ந்து உதட்டால் ஹோர்ன் அடித்து விளையாடியிருக்கிறார்கள் என்று கணக்கில்லை.) காலடியில் பிளைவுட் பலகை. இப்படி ஒரு வண்டியை மலையில் வைத்திருப்பது ஊறுகாய்ப் பானையைத் திறந்து வைப்பது மாதிரி.

நான் செய்த முதல் மடத்தனம், கொழும்பில் ஒரு கடையில் நல்ல விலை கொடுத்து வாங்கிய கார் உறை. தண்ணீர் ஒரு சொட்டும் உள்ளே போகாது என்று சத்தியம் செய்து கொடுத்தான். உண்மைதான், போகவில்லை. உள்ளே இருந்த ஈரம் வெளியேயும் போகவில்லை. இரண்டு மாதம் கழித்து உறையை எடுத்தால் தோல் இருக்கை முழுக்கப் பூஞ்சணம். ஸ்டியரிங்கில் வெள்ளை மயிர். ஏமாந்தது நான்தான், ஆனாலும் அந்தக் கடையை இன்றைக்கும் மனசுக்குள் திட்டுகிறேன். அதைவிட லொறிக்குப் போடும் பழைய படங்கை நாலு கம்பு நட்டு மேலே கட்டிவிட்டிருந்தால் வண்டி பிழைத்திருக்கும்.

இரண்டாவது மடத்தனம் தகரக் கொட்டகை. நாலு பக்கமும் அடைத்து, சீமெந்துத் தரை போட்டு, பெருமையாகப் பூட்டுப் போட்டேன். விடியற்காலை உள்ளே போய்ப் பார்த்தால் மேலே மழை இல்லை, கீழே சொட்டுகிறது. இரவுக் குளிரில் தகரம் வியர்த்து, விடிய விடிய வண்டி மேல் சொட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. சீமெந்து தன் பங்குக்குக் கீழிருந்து ஈரத்தை உறிஞ்சிக் கொடுத்தது. முதல் பலகை போனது அப்போதுதான். பிறகு தகரத்துக்குக் கீழே பலகைத் தட்டி அடித்தேன், தரையில் தடித்த பொலித்தீன் விரித்து அதன் மேல் மரச் சட்டம் போட்டு வண்டியை ஏற்றினேன், எதிரெதிர்ச் சுவரில் ஒரு முழ உயரத்துக்குக் கம்பிவலை வைத்துக் காற்று ஓட விட்டேன். பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

மீதிப் பாதிக்கு அப்பா காலத்து வைத்தியம். அவர் டிரையர்காரர். கொழுந்து வாடி, அரைபட்டு, நிறம் மாறி வந்து, கடைசியில் டிரையரில் மூன்று வீதம் ஈரத்துக்கு இறங்கும்வரை காய்ச்சுவது அவர் வேலை. நன்றாகக் காய்ந்த தூள் எந்தப் பக்கம் ஈரம் இருந்தாலும் இழுத்துக்கொள்ளும் என்பது அவருக்குக் கைப்பழக்கம். கழிவுத் தூளைத் துணிப்பையில் கட்டி, இருக்கைக்கு அடியில் இரண்டு, பற்றரி இருக்கும் குழியில் ஒன்று, டிக்கியில் ஒன்று என்று வைப்பார். தூள் எங்கிருந்து வந்தது என்று கேட்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை பைகளை எடுத்துக் கையில் நிறுத்துப் பார்ப்பார். "தண்ணி குடிச்சிருச்சு" என்று அம்மாவின் அடுப்புக்கு மேலே தொங்கவிடுவார். மாலையில் திரும்ப வண்டிக்குள் போகும். இன்றைக்கும் நான் அதையேதான் செய்கிறேன். வண்டிக்குள் தோல், பெற்றோல், தேயிலை மூன்றும் கலந்த ஒரு வாசம் உண்டு. வேறு எந்த எம்.ஜி.ஏவிலும் அது இருக்காது என்று நினைக்கிறேன். நாற்பது வோட் பல்பு ஒன்றைப் பொனட்டுக்குக் கீழே எரியவிடுவதும் அவர் வழக்கம்; டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் ஈரம் கோர்க்காது. இப்போது கடையில் எல்.இ.டி பல்புதான் தருகிறார்கள். வெளிச்சம் நன்றாக இருக்கிறது, எனக்கு வேண்டியது சூடு.

பிரேக் பற்றி ஒரு வார்த்தை, இது விளையாட்டு இல்லை. பிரேக் எண்ணெய் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். வண்டி நிற்க நிற்க வீல் சிலிண்டர் உள்ளே கறல் பிடித்து இறுகிவிடும். அதோடு, தண்ணீர் சேர்ந்த எண்ணெய் நீளமான இறக்கத்தில் கொதித்தால் மிதி சும்மா பலகையில் போய் முட்டும். நுவரெலியாவிலிருந்து ரம்பொடை வழியாக இறங்குகிறவன் அதை நினைத்துக்கொள்ள வேண்டும், இந்த வண்டிக்கு நாலு சக்கரத்துக்கும் சேர்த்து ஒரே ஒரு பிரேக் சுற்றுத்தான். வருஷத்துக்கு ஒரு தடவை எண்ணெயை முழுக்க மாற்றுகிறேன். நிறுத்தி வைக்கும்போது ஹேண்ட்பிரேக் இழுப்பதில்லை; சக்கரத்துக்குக் கட்டை. ஒரு முறை மறந்து இழுத்துவிட்டேன். ஒரு மாதம் கழித்துப் பின்சக்கரத்தை விடுவிக்க டிரம்மை அரை நாள் தட்ட வேண்டியிருந்தது.

உதிரிப்பாகம் கிடைக்குமா என்று எல்லாரும் கேட்பார்கள். அதில்தான் எனக்கு எதிர்பாராத யோகம். மலையகத் தமிழரில் பெரும்பகுதியை இந்தியாவுக்கு அனுப்ப 1964இல் போட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் பெரியப்பா குடும்பம் கோத்தகிரிக்குப் போய்விட்டது. இந்தியாவில் அம்பாசடர் காருக்குப் போட்ட 1489 சிசி எஞ்சினும் என் வண்டியில் இருக்கும் இதே பி.எம்.சி. பி சீரிஸ் எஞ்சின் குடும்பம்தான். பெரியப்பா மகன், எனக்கு அண்ணன், கோயம்புத்தூரில் பார்த்து ஹெட் கேஸ்கெட், பிஸ்டன் ரிங், வால்வு என்று வாங்கி வைப்பார். கல்யாணம், கருமாதி என்று யார் வந்தாலும் பெட்டியில் சேலைக்கு நடுவே ஒரு பொட்டலம் வரும். எல்லாமே அப்படியே பொருந்தாது, அளந்து பார்த்துத்தான் போட வேண்டும். ஆனால் எங்கள் குடும்பத்தைக் கடல் தாண்டிப் பிரித்த ஒப்பந்தத்தால் லாபம் அடைந்தது இந்த வண்டி ஒன்றுதான் என்று அண்ணன் சொல்லிச் சிரிப்பார்.

இத்தனை வருஷத்தில் இந்த வண்டி எனக்கு ஒரு தொல்லையும் கொடுக்காத காலம் எது தெரியுமா? 2022. பொருளாதார நெருக்கடியில் நாடே படுத்துக் கிடந்த வருஷம். 92 பெற்றோல் லீற்றர் 470 ரூபாய் வரை போனது, அதுவும் இல்லை. பிறகு வண்டிக்கு வாரம் இத்தனை லீற்றர் என்று அளந்து கொடுக்கும் கியூ.ஆர் முறை வந்தது. என் கடைச் சாமான் ஏற்றும் திரீவீலுக்கு வாரம் 5 லீற்றர், காருக்கு 20. எம்.ஜி.ஏவும் பதிவுப் புத்தகத்தில் கார்தான். வாரா வாரம் அதை எடுத்துக்கொண்டு ஹட்டனுக்குப் போய் வரிசையில் நின்று 20 லீற்றர் அடித்து வந்து, கொட்டகையில் வைத்துக் குழாய் போட்டு இழுத்துத் திரீவீலுக்கு மாற்றுவேன். கடை நடந்தது அதில்தான். வரிசையில் நின்றவர்கள் செல்பி எடுத்தார்கள். சிலர் இந்த நேரத்தில் இவனுக்கு ஸ்போர்ட்ஸ் கார் கேட்கிறதா என்று முறைத்தார்கள். ஆனால் அந்த மழைக்காலம் முழுக்கப் பிரேக் இறுகவில்லை, பற்றரி இறங்கவில்லை, பெற்றோல் பம்ப் சாவி போட்டவுடன் டிக் டிக் என்று எழுந்துகொண்டது. இருக்கையில் ஒரு பொட்டுப் பூஞ்சணம் இல்லை. வாரத்துக்கு ஒரு மணி நேரம் ஓடி எஞ்சின் சூடேறினால் போதும், இதற்கு வேறு ஒன்றும் வேண்டாம் என்று அப்போதுதான் புரிந்தது. 2023 செப்டெம்பரில் கியூ.ஆரை நிறுத்தினார்கள். நானும் பழைய சோம்பேறித்தனத்துக்குத் திரும்பினேன். அதன் விலைதான் இந்த மூன்றாவது பலகை.

ஆகவே பண்டாரவளைத் தம்பிக்கு: என் பேச்சைக் கேட்டால் வாங்காதே. இவ்வளவு புகழ்ந்துவிட்டு இப்படிச் சொல்கிறானே என்று நினைக்காதே. என் நகத்துக்குள் இன்னும் மக்கிய பலகை இருக்கிறது. வெயில் அடித்த பிறகு கேட்டிருந்தால் வேறு மாதிரிச் சொல்லியிருப்பேன். உங்கள் பக்கம் ஆடி, ஆவணியில் காய்ந்த காற்று வீசும். எங்கள் ஊர்க் கணக்கு அப்படியே பொருந்தாது என்பதும் தெரியும். பார்க்கத்தான் வேண்டும் என்றால், பளபளக்கும் பெயின்டைப் பார்க்காதே. கம்பளத்தைத் தூக்கிப் பலகையைக் கட்டைவிரலால் அழுத்து. விரல் இறங்கினால் விற்பவனுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்துவிட்டுத் திரும்பி வா. பற்றரிக் குழியில் டோர்ச் அடித்துப் பார். பிரேக் எண்ணெய் டப்பாவைத் திறந்து நிறம் பார், கறுத்திருந்தால் அது எத்தனை வருஷம் நின்றது என்று உனக்கே தெரிந்துவிடும்.

தனியாகப் போய் முன்பணம் கொடுத்துவிடாதே. ஞாயிற்றுக்கிழமை நானும் வருகிறேன். என் வண்டிக்கு இன்னும் தரை இல்லை, பஸ்ஸில்தான் வர வேண்டும். பண்டாரவளை ஸ்டாண்டில் பத்து மணிக்கு நில்.