உயிரோடு இருக்கும்போதே கைகொடுத்த பாலிசி: பல வருட அனுபவம்

என்னிடம் இரண்டு பாலிசிகள் இருக்கின்றன. ஒன்று டேர்ம் பாலிசி. குறிப்பிட்ட காலத்துக்குள் நான் இறந்தால் மட்டும் குடும்பத்துக்குப் பணம் வரும். இன்னொன்று உடல் இயலாமைக் காப்பீடு. நோயாலோ விபத்தாலோ வேலை செய்ய முடியாமல் போனால், சம்பளத்தில் ஒரு பங்கை மாதாமாதம் தரும். இரண்டுக்கும் பல வருடங்களாகப் பிரீமியம் கட்டி வருகிறேன். இரண்டாவதைப் பயன்படுத்த வேண்டிய நிலையும் வந்தது. முதுகெலும்பில் ஜவ்வு விலகி, அறுவை சிகிச்சை செய்து, நீண்ட காலம் வேலைக்குப் போக முடியவில்லை. அதனால் இங்கே அந்த இரண்டாவதைப் பற்றித்தான் அதிகம் சொல்லப்போகிறேன்.

ஆயுள் காப்பீடு என்றால் எல்லோருக்கும் தெரியும். இயலாமைக் காப்பீடு என்றால் "விபத்துக் காப்பீடுதானே?" என்கிறார்கள். இல்லை. விபத்துப் பாலிசி பெரும்பாலும் கை, கால், கண் போன்ற இழப்புக்கு மொத்தமாக ஒரு தொகை தரும். என் முதுகுக்கு அதில் எதுவும் கிடைத்திருக்காது. மனிதர்களை நீண்ட காலம் வேலையிலிருந்து விலக்கி வைப்பது பெரும்பாலும் விபத்து இல்லை, நோய்தான்: முதுகு, மூட்டு, புற்றுநோய், இதயம், மன அழுத்தம். சம்பளம் நின்றுவிடும், மருத்துவச் செலவு கூடும். இறப்பில்கூட ஒருவருடைய செலவு குறைகிறது, இதில் அதுவும் இல்லை.

இந்த பாலிசியின் உயிர் ஒரே ஒரு பத்தியில் இருக்கிறது: "இயலாமை" என்றால் என்ன என்று சொல்லும் பத்தி. சிலவற்றில் உங்கள் சொந்தத் தொழிலைச் செய்ய முடியாவிட்டாலே போதும். சிலவற்றில் எந்த வேலையும் செய்ய முடியாத நிலை வர வேண்டும். பல பாலிசிகள் முதல் 24 மாதங்களுக்கு முதல் விளக்கத்தையும் அதற்குப் பிறகு இரண்டாவதையும் வைத்துக்கொள்கின்றன. என் வேலை நாள் முழுக்க நின்று, குனிந்து, கனமான பாகங்களைத் தூக்கி இயந்திரங்களைப் பழுது பார்ப்பது. "எந்த வேலையும்" என்ற விளக்கம் மட்டும் இருந்திருந்தால், உட்கார்ந்து தொலைபேசி எடுக்கலாமே என்று கிளைமை மறுத்திருப்பார்கள். என்னுடையது சொந்தத் தொழில் விளக்கம். அதற்காகக் கூடுதல் பிரீமியம் கட்டினேன், இன்றும் மகிழ்ச்சியோடு கட்டுகிறேன்.

அடுத்தது காத்திருப்புக் காலம், அதாவது வேலை செய்ய முடியாமல் போன பிறகு பணம் கிடைக்காமல் காத்திருக்க வேண்டிய நாட்கள். 30, 60, 90, 180 நாள் என்று தேர்ந்தெடுக்கலாம். நாட்கள் கூடக் கூடப் பிரீமியம் குறையும். என்னுடையது 90 நாள். படிப்பவர்களுக்கு உடனே பிடிபடாத விஷயம் ஒன்று இதில் உண்டு: 91-ஆவது நாள் பணம் வந்துவிடாது. அன்றிலிருந்துதான் கணக்கு தொடங்கும். ஒரு மாதம் முடிந்த பிறகே அந்த மாதத்துக்கான தொகை வரும். ஆகவே 90 நாள் பாலிசிக்கு நான்கு மாதச் செலவுக்காவது கையில் பணம் வேண்டும். அவசரகாலச் சேமிப்பு எவ்வளவு வேண்டும் என்று பலரும் குத்துமதிப்பாகச் சொல்வார்கள். எனக்கு அந்த அளவைத் தீர்மானித்துக் கொடுத்தது காத்திருப்புக் காலம்தான். இந்த இரண்டையும் சேர்த்தே திட்டமிட வேண்டும்.

கிளைம் செய்த அனுபவம் அலுப்பானது, அதை மறைக்க விரும்பவில்லை. படிவத்தில் என் பகுதி, முதலாளியின் பகுதி, மருத்துவரின் பகுதி என்று மூன்று இருந்தன. மருத்துவர் நோயின் பெயரையும் "ஓய்வு தேவை" என்பதையும் மட்டும் எழுதியிருந்தார். நிறுவனம் திருப்பி அனுப்பிவிட்டது. அவர்களுக்கு வேண்டியது நோயின் பெயர் இல்லை. எவ்வளவு நேரம் நிற்க முடியும், எத்தனை கிலோ தூக்க முடியும், குனிய முடியுமா என்ற விவரம். என் வேலையில் தினமும் என்னென்ன செய்கிறேன் என்று ஒரு பக்கத்தில் எழுதி மருத்துவரிடம் கொடுத்தேன். அதை வைத்து அவர் எழுதிய சான்றிதழ் ஏற்கப்பட்டது. கிளைம் செய்யப்போகும் யாருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

கிடைத்த தொகை முழுச் சம்பளம் இல்லை. வழக்கமாக 60 முதல் 70 சதவீதம் வரைதான் தருவார்கள், வேலைக்குத் திரும்பும் எண்ணம் போய்விடக் கூடாது என்பதற்காக. பகுதி இயலாமைப் பிரிவும் இருந்ததால், பாதி நேரம் வேலைக்குத் திரும்பிய மாதங்களில் குறைந்த சம்பளத்துக்கு ஏற்ப ஒரு பங்கு வந்தது. அந்தப் பிரிவு இல்லாதவர்கள் உடம்பு தேறாமலே முழு நேரத்துக்குப் போக நேரிடும், அல்லது வீட்டிலேயே இருக்க வேண்டியிருக்கும். நான் குறையாகப் பார்ப்பது விலைவாசிக்கு ஏற்பத் தொகை உயரும் வசதி என் பாலிசியில் இல்லாததை. இளம் வயதில் எடுப்பவர்கள் அதைக் கட்டாயம் கேட்டு வாங்க வேண்டும்.

சரி, டேர்ம் பாலிசிக்கு வருவோம். "காலம் முடிந்தால் ஒன்றும் திரும்பி வராதே" என்று வருத்தப்படுகிறவர்கள் ஏராளம். அந்த வருத்தம் எனக்கு இல்லை. 1693-இல் எட்மண்ட் ஹாலி, வால்நட்சத்திரத்துக்குப் பெயர் தந்த அதே அறிஞர், பிரெஸ்லாவ் நகரின் பிறப்பு இறப்புக் கணக்கை வைத்து எந்த வயதில் எத்தனை பேர் இறக்கிறார்கள் என்று அட்டவணை போட்டார். 1762-இல் லண்டனில் தொடங்கிய ஈக்விடபிள் சொசைட்டி என்ற ஆயுள் காப்பீட்டு நிறுவனம் வயதைப் பொறுத்துப் பிரீமியம் வாங்கியது. இன்றும் அடிப்படை அதேதான். பிழைத்திருக்கும் பலருடைய பணம் இறந்த சிலரின் குடும்பத்துக்குப் போகிறது. என் பணமும் ஏதோ ஒரு வீட்டுக்குப் போயிருக்கிறது என்பதில் எனக்கு மனநிறைவுதான். தொகையைத் தீர்மானிக்க, இருக்கும் கடன், பிள்ளைகள் சொந்தக் காலில் நிற்கும் வரை வீட்டுச் செலவு, படிப்புச் செலவு ஆகியவற்றைக் கூட்டி, சேமிப்பைக் கழித்தேன்.

உடல்நிலை பற்றிய கேள்விகளுக்கு உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். புகைப்பழக்கம், பழைய அறுவை சிகிச்சை, மாத்திரை எதையும் விடாதீர்கள். பிரீமியம் கூடினால் கூடட்டும். மறைத்தது பின்னால் தெரிந்தால், பதில் சொல்ல நீங்கள் இருக்க மாட்டீர்கள். உங்கள் குடும்பம்தான் அலைய வேண்டும். ஏஜென்ட் படிவத்தை நிரப்பினாலும் கையெழுத்து போடும் முன் ஒவ்வொரு வரியையும் படிக்க வேண்டும்.

அப்புறம் சில சின்ன வேலைகள். திருமணம், குழந்தை, பிரிவு எது வந்தாலும் நாமினி பெயரைச் சரிபார்க்க வேண்டும். பிரீமியம் போகும் வங்கிக் கணக்கு மாறினால் உடனே தெரிவிக்க வேண்டும், சலுகை நாட்கள் தாண்டினால் பாலிசி காலாவதியாகிவிடும். நான் படுத்திருந்த மாதங்களில் இயலாமைப் பாலிசியின் பிரீமியத்தைத் தள்ளுபடி செய்தார்கள். டேர்ம் பாலிசியில் அந்தக் கூடுதல் வசதி (ரைடர்) இல்லாததால் அதற்கு என் மனைவி நினைவாகக் கட்டிவந்தார். பாலிசி எண்கள், நிறுவனத்தின் தொலைபேசி எண், மருத்துவக் கோப்பு எல்லாம் எங்கே இருக்கின்றன என்று அவருக்கு முன்பே தெரிந்திருந்தது.

வீட்டுக் கடன் இப்போது பெருமளவு குறைந்துவிட்டது. பிள்ளைகளின் படிப்பு முடிந்ததும் டேர்ம் தொகையைக் குறைக்கலாமா என்று பார்ப்பேன். இயலாமைக் காப்பீட்டை ஓய்வு பெறும் நாள் வரை விடப்போவதில்லை.